மார்பெலும்புக்குப் பின்னால்

மார்ச் 4

அண்ணா,

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் வாய்ப்புண் இன்னும் ஆறவில்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் உதட்டோரம் வெடித்துவிடுகிறது. செய்தியாகத் தட்டி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நழுவிவிடுவாய். அதனால்தான் காகிதம். எனக்கு வாயாடி என்று பேர் வைத்தவன் நீ. வாயாடிக்கு இப்போது கை மட்டும்தான் ஓடுகிறது.

முதலில் உடம்பு. உன் எலும்பு மஜ்ஜையை எனக்குள் ஏற்றி ஆறு மாதம் ஆகிவிட்டது. ரத்தப் புற்று திரும்பவில்லை, அந்த வேலையை உன் அணுக்கள் ஒழுங்காகச் செய்கின்றன. ஆனால் என் உடம்பையும் அந்நியம் என்று நினைத்து அடிக்கின்றன. தோல், குடல், வாய் என்று வரிசையாக அடித்தது போதாதென்று இப்போது இன்னோர் இடமும் சேர்ந்திருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறதாம். டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

"எலும்புல பிறக்கிற டி செல்னு சொல்ற காவல் அணுக்கள் எல்லாம் முதல்ல இங்கதாம்மா வரும். 'இது உன் உடம்பு, இதைத் தொடாதே'ன்னு பழகுறது இங்கதான். பழகாததை இங்கயே அழிச்சிடும். உங்க அண்ணன் மஜ்ஜையோட சேர்ந்து வந்த முதிர்ந்த செல்கள் அவர் உடம்புல பழகி முடிச்சிட்டு வந்தது. அதுக்கு நீங்க யாருன்னு தெரியாது. அது உங்க தைமஸுக்குள்ள போய், பழக்கிக் கொடுக்கிற செல்களையே அடிச்சிடுச்சு. அதனால புதுசா வர வேண்டிய டி செல் ரொம்பக் குறைவாத்தான் வருது. வர்றதுலயும் சிலது பழகாமலே வெளிய வந்து மறுபடி உங்களையே அடிக்குது."

"வாத்தியாரை அடித்துத் துரத்திவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள்" என்று, பேச முடியாததால் பக்கத்தில் வைத்திருக்கும் சின்னப் பலகையில் எழுதிக் காட்டினேன். சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு இதையும் சொன்னார்: "எல்லாப் பழியையும் அந்த செல்கள் மேல போட முடியாது. நோய் திரும்பினப்ப ரெண்டாவது தடவை கடுமையா கீமோ எடுத்தீங்களே, அதுலயும் தைமஸ் சுருங்கியிருக்கும். முதல் தடவை நோய் அடங்கினப்பவே மஜ்ஜை மாத்தியிருந்தா உடம்பு இன்னும் தாங்கியிருக்கும். அப்ப கொடையாளர் அமையலையே, என்ன செய்ய."

மறுநாள் கண் பிரிவுக்குப் போனேன். சக்கர நாற்காலியைத் தள்ளிய ஆஸ்பத்திரி ஊழியர் என் கோப்பை என் மடியில் வைத்துவிட்டு லிஃப்டுக்குக் காத்திருந்தார். சும்மா இருக்கிற கை, புரட்டியது. உன் பெயரும் என் பெயரும் எதிரெதிரே இருந்த ஒரு தாள். மஜ்ஜை கொடுக்கப் பத்துக்குப் பத்து பொருத்தம். தேதி, போன வருஷம் ஜனவரி 19.

ஜனவரியில் பொருந்தவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். ஜூனில் நோய் திரும்பியது. ஆகஸ்டில்தான் நீ வந்து, "வேற லேப்ல பார்த்தேன், பொருந்திடுச்சு" என்றாய். அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தேதி தப்பா, அண்ணா? ஆமாம் என்று ஒரு வரி எழுதிவிடு. நம்பிவிடுகிறேன்.

தங்கை

---

மார்ச் 11

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. வாய்ப்புண்ணுக்குப் புதிதாக ஏதோ கொப்பளிக்கக் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். விடாமல் கொப்பளி. கசக்கிறது என்று துப்பிவிடாதே.

இங்கே வேலை அதிகம். பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் நான்கு லிஃப்டுக்கும் கயிறு மாற்றுகிறோம். மூன்று நாளில் முடியும் என்று சொல்லி எடுத்த வேலை, இது ஒன்பதாவது நாள். கட்டடக் காவலாளி என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் அண்ணி நலம். பாப்பாவுக்கு முதல் பல் விழுந்துவிட்டது. அத்தைக்கு அனுப்ப வேண்டும் என்று அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். நான்தான் வேண்டாம், கிருமி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தேதி பற்றிக் கேட்டிருந்தாய். லேபில் ஆயிரம் குளறுபடி நடக்கும். மாதிரி மாறிப் போயிருக்கலாம், பிறகு திருத்தி பழைய தேதியிலேயே அச்சடித்திருக்கலாம். எனக்கு அப்போது பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள். இப்போது அதையெல்லாம் தோண்டி என்ன ஆகப் போகிறது? நீ தேற வேண்டும், அவ்வளவுதான்.

இதை அம்மாவிடம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. அவளே அரை ஆளாக இருக்கிறாள்.

அண்ணன்

---

மார்ச் 18

அண்ணா,

ஆமாம் என்று ஒரு வரி கேட்டேன். நீ பதினெட்டு மாடி ஏறி இறங்கியிருக்கிறாய்.

அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் இருந்தது. முதல் கடிதத்தில் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இடம் விட்டு வைத்திருந்தேன். அச்சடித்த படிவம், ஜனவரி 23. "கொடையளிக்க எனக்குச் சம்மதமில்லை" என்ற கட்டத்தில் ஒரு டிக். "என் முடிவை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்ற கட்டத்தில் இன்னொரு டிக். கீழே வால் நீட்டி உன் கையெழுத்து. லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிற பராமரிப்புச் சீட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரை வரச் சொல்லிக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இது உங்க கோப்புல இருக்கவே கூடாதும்மா, யாரோ தவறிச் சேர்த்திருக்காங்க" என்று உருவிக்கொண்டு போனார். கொடுக்க மனமில்லாதவர் பெயரைக் காப்பாற்றுவது அவர்கள் முறையாம். தகுந்த கொடையாளர் இல்லை என்று மட்டும் சொல்வார்களாம். நியாயமான முறைதான். முன்பின் தெரியாத ஆளாக இருந்தால் நானே அதற்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நோயாளி. அது நான்தான், இல்லையா?

ஜூனில் நோய் திரும்பியபோது நீ வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து, "நமக்கு மட்டும் ஏன் இப்படி" என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். "விடுண்ணா, பொருந்தலைன்னா நீ என்ன பண்ணுவ" என்று நான்தான் உன்னைத் தேற்றினேன். அந்த வாரம் எனக்கு முடி கொட்டிக்கொண்டிருந்தது. உன் சட்டையில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதற்கெல்லாம் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாயே, எப்படி முடிந்தது?

அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள், நினைவிருக்கிறதா? பெற்றவர்கள் பாதிதான் பொருந்துவார்கள். அன்றிலிருந்து அவள், "என் உடம்பு உனக்கு முழுசா ஒத்து வரலையேம்மா" என்று சொல்லிச் சொல்லியே மாய்கிறாள். மருந்து கொடுக்கும்போது சொல்கிறாள். கஞ்சி ஆற்றும்போது சொல்கிறாள். முழுசாக ஒத்து வந்த ஒருவன் நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, அவள் அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

லேப் குளறுபடி என்று இன்னொரு முறை எழுதாதே.

தங்கை

---

மார்ச் 26

வாயாடி,

நான்தான். என் கையெழுத்துதான்.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் மேற்கொண்டு எழுதவில்லை. உன்னைப் போல எனக்கு எழுத வராது.

அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது உனக்குப் பதினாறு, எனக்கு இருபத்திரண்டு. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். குடலிறக்கம், அரை மணி நேர வேலை. "சின்ன விஷயம் தம்பி, சாயங்காலம் நடந்தே வீட்டுக்குப் போயிடுவார்" என்றார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். அப்பா மேசைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மயக்க மருந்து கொடுத்தார்கள். எழவில்லை. செருப்போடு நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பது மாடிக் குழிக்குள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவன் நான். கம்பெனியில் பயமில்லாத ஆள் என்று எனக்குப் பேர். அந்தப் படிவத்தில் "மயக்க மருந்தால் மிக அரிதாக" என்று ஒரு வரி இருந்தது. அதற்குமேல் படிக்க முடியவில்லை. கை வியர்த்துப் பேனா வழுக்கியது. உனக்கு மருந்திலேயே குணமாகிவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

பொருந்தவில்லை என்று ஆகிவிட்ட பிறகு ஒவ்வொரு நாளும் அதை மாற்றிச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. ஜூனில் உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். நீ தலையைத் தடவினாய். சொல்ல முடியவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். உடம்புக்கு வருவதற்கு முன் நீ பதிவு செய்து கொடுத்த ரயில் அறிவிப்புதான் இன்னும் ஓடுகிறது. "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று உன் குரல் சொன்னது. உனக்கு அப்போது குரலே எழும்பவில்லை என்று முந்தின நாள்தான் அம்மா சொல்லியிருந்தாள். மூன்று வண்டிகளை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன்.

கொடுக்காமலும் உன்னைக் கெடுத்தேன். இப்போது பார்த்தால் கொடுத்தும் கெடுத்திருக்கிறேன். உனக்குள் இருந்துகொண்டு உன்னை அடிப்பது என்னுடையதுதானே.

நேரில் வரட்டுமா? திட்டுவதானால் நேரில் திட்டு.

அண்ணன்

---

ஏப்ரல் 2

அண்ணா,

வராதே.

அப்பாவின் செருப்பைப் பற்றி எனக்குத் தெரியாது.  பயந்ததற்காக உன்னைக் கோபிக்க முடியவில்லை, முயன்றும் பார்த்தேன். "பயமா இருக்குடி, என்னால முடியாது" என்று நீ அன்றைக்கே சொல்லியிருந்தால், சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு உன்னோடு உட்கார்ந்து அந்தப் படிவத்தை வரிவரியாகப் படித்திருப்பேன். அதற்கு வாய்ப்பே தராமல் என்னை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டாய்.

இன்னொன்று. உன் அணுக்களை இதில் இழுக்காதே. அப்படியே உடன்பிறந்தவன் அன்றைக்கே கொடுத்திருந்தாலும் இந்தச் சண்டை வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதுகளுக்கு நான் யாரென்று தெரியாது. அடிக்கிறது. உனக்குத் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ். பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்குமாம். காவலுக்கு டி செல் இல்லாத உடம்பில் விழித்துக்கொள்கிறது. தைமஸ் வேலை செய்தால் புதிய காவல் வந்திருக்கும், அதுதான் படுத்துவிட்டதே. என் வலது கண்ணில் நேற்றிலிருந்து புகை படிந்தது போல இருக்கிறது. அதற்கான மருந்து ரத்த அணுக்களைக் குறைக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான். உன் ரத்தத்தில் அந்த வைரஸை அடையாளம் தெரிந்த செல்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து எனக்கு ஏற்ற வேண்டும். மறுபடியும் தோலில் சண்டை கிளம்பலாம், ஆனால் முன்பு போல் அவ்வளவு இருக்காது என்கிறார்கள்.

மயக்க மருந்து கிடையாது. ஒரு கையில் ஊசி போட்டு ரத்தம் எந்திரத்துக்குள் போய், மறு கை வழியாக உனக்கே திரும்பும். மூன்று மணி நேரம்.

நான் உன்னைக் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் கூப்பிடுவார். முடியாது என்றால் சொல். ஆனால் இந்தத் தடவை எனக்குச் சொல், படிவத்துக்குச் சொல்லாதே.

நான் கேட்பது வேறு. அம்மாவிடம் உண்மையைச் சொல். நான் சொல்ல மாட்டேன், உன் வாயால் நீயே சொல்ல வேண்டும். ஒன்றேகால் வருஷமாகத் தன் உடம்பைத் தானே பழித்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் தோளிலிருந்து இறக்கிவிட்டுப் பிறகு என்னிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசு.

தங்கை

---

ஏப்ரல் 8

வாயாடி,

ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்றேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் எந்த நாள் சொன்னாலும் வந்து நிற்பேன்.

அம்மாவிடம் சொல்லச் சொல்கிறாய். மூன்று முறை போனை எடுத்து வைத்தேன். சொல்ல எதுவும் இல்லை. அம்மாவுக்குத் தெரியும்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் பக்கத்தில் இருப்பது அவள் ஒருத்திதான், அதுவும் போய்விட வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் நீ அவளுக்காக என்னிடம் வாதாடுவதைப் படித்த பிறகு மறைத்தால், அது இன்னொரு படிவம்.

ஜனவரியில் அந்தத் தாளை அம்மா வீட்டுக்கு எடுத்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்துச் "சம்மதம்" என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைத்திருந்தேன். நிஜமாகவே வைத்திருந்தேன். அம்மா வந்து தாளின் மேல் கையை வைத்தாள்.

"உங்கப்பாவ இப்படித்தாண்டா அனுப்பினேன்" என்றாள். "அவளுக்கு மருந்து இருக்கு, அடங்கிடுச்சுன்னு டாக்டரே சொல்றாங்க. உன்னையும் கொண்டுபோய்ப் படுக்க வெச்சிட்டு, நாளைக்கு ரெண்டு பேரும் இல்லேன்னா நான் யாருக்காக இருக்கறது? பொருந்தலைன்னு அவகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கையெழுத்துப் போட்டது நான். அம்மா பேனாவைப் பிடித்து எழுத வைக்கவில்லை. அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. அவள் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்க இதை எழுதவில்லை.

ஆகஸ்டில் அவளிடம் கேட்காமலே போய்ச் சம்மதித்துவிட்டு வந்துதான் உங்களிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அது சந்தோஷத்தில் இல்லை.

அண்ணன்

---

ஏப்ரல் 16

அண்ணா,

உன் கடிதத்தை வாங்கி வந்து என் கையில் கொடுத்தது அம்மாதான். கிருமிநாசினியால் உறையைத் துடைத்து, ஓரத்தைக் கத்தரியால் நறுக்கி, "அண்ணன் என்ன எழுதியிருக்கான், படி" என்று எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்து நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு முறை படித்தேன். "ரத்தம் கொடுக்க வர்றானாம்" என்று எழுதிக் காட்டினேன். "எந்திரத்துல தானே, மயக்க ஊசி இல்லையே?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை குளித்த பிறகு முதுகுக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். பலகையில் எழுதவில்லை. வாயால் கேட்டேன்.

"ஜனவரியில அண்ணனை வேண்டாம்னு சொன்னது நீயாம்மா?"

கை நின்றது. பிறகு தடவுவதை முடித்தாள்.

"ஆமா" என்றாள். "மருந்துலயே உனக்குச் சரியாயிடும்னு நெனச்சேன்."

"சரியாகலைன்னு ஜூன்ல தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுது."

"அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் சும்மா இருந்த."

அம்மா களிம்பு டப்பாவை மூடப் போனாள். மூடி சரியாக உட்காரவில்லை, திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என் உடம்பு ஒத்து வரலைன்னு தினமும் சொன்னியே, அது என்னம்மா?" என்றேன்.

"அதுவாவது நெஜம்தானே" என்றாள். "வேற எதைச் சொல்லி உன்கிட்ட அழுவேன்?"

என் உதடு வெடித்துவிட்டது. பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தாள். பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டு நானே துடைத்துக்கொண்டேன்.

உன்மேல் இருந்த கோபத்தை அடுக்கி அடுக்கி வைத்திருந்தேன், அண்ணா. அதற்கு ஒரு வடிவம் இருந்தது, எழுத வந்தது. இது அப்படி இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, நான் இல்லாமல், எனக்கு எவ்வளவு ஆபத்து போதும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று நன்றாக இருந்தது, ஒன்று ஏற்கெனவே நோயில் கிடந்தது. நன்றாக இருந்ததைக் காப்பாற்றினாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்க எனக்குத் தெரியும், ஆனால் யோசிக்கப் போவதில்லை. அந்த நியாயத்தை வேறு யாராவது செய்துகொள்ளட்டும். நான் காப்பாற்றப்படாத பிள்ளை.

நேற்று நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் செல்கள் வரட்டும், கண் வேண்டும் எனக்கு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாம் மாடி ரத்த வங்கிக்கு வா. வெறும் வயிற்றோடு வராதே, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வா. மூன்றாம் மாடிக்கு ஏறி வராதே. எப்போது வரலாம் என்று தோன்றுகிறதோ அப்போது எழுதுகிறேன், தோன்றவில்லை என்றால் அதையும் எழுதுகிறேன். உன்னைப் போல் விட்டுவிட மாட்டேன்.

அம்மாவை உன்னோடு அனுப்பிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். முதுகு எனக்கு எட்டாது. மாத்திரைகளில் எது எப்போது என்று அவளுக்குத்தான் மனப்பாடம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னிடம் பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நான்கு நாளாகப் பேசவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுக்கிறாள், துணியை மாற்றுகிறாள், ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

இன்று காலை டாக்டரம்மா வந்தபோது என் வாயில் வெப்பமானி இருந்தது. அம்மாவிடம் திரும்பி, "ரெண்டு நாளா சரியா சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார்.

சொல்லலாம் என்று தலையசைத்தேன்.

தங்கை